அழுத்தி மிதி

சகாயசெல்விக்குத் தன் கையைப் பற்றி ரொம்பப் பெருமை. இருக்காதா பின்னே? படிப்பை விட்ட கையோடு உப்பளத்தில் இறங்கியவள். வாரிக் குவித்த உப்பைக் கூடை கூடையாகத் தூக்கி வரப்பில் கொட்டியே உரமேறிய கை அது. பெண் பார்க்க வந்த ஒரு குடும்பம் அந்தக் கையைப் பார்த்து மிரண்டு, காபியைக்கூட முழுசாகக் குடிக்காமல் எழுந்து போய்விட்டது என்று அவள் அம்மா அந்தோணியம்மாள் இன்றைக்கும் புலம்புவாள். செல்வி அதற்கும் சிரிப்பாள்.

"போனா போறாங்க விடும்மா. அந்தப் பையனைப் பாத்த இல்ல? ஒரு கூடை உப்பு தூக்கனா இடுப்பு பூடும் அவனுக்கு."

அப்பேர்ப்பட்டவள் அடித்த கோல்ஃப் பந்து, சிவப்புக் கொடிக்குப் பாதி தூரம்கூடப் போகாமல் புல்லில் விழுந்து உருண்டால் அவளுக்கு எப்படி இருந்திருக்கும்? வயிறு எரிந்தது. எரியட்டும் என்று மறுபடியும் அடித்தாள். மறுபடியும் அங்கேயே விழுந்தது.

மரக்காணத்துக்கு கோல்ஃப் எப்படி வந்தது என்று கேட்டால், எல்லாம் வந்த வழியாகத்தான் வந்தது. ஈ.சி.ஆர். ரோட்டில் ஒரு ரிசார்ட் கட்டினார்கள். அதற்குப் பின்னால் கழுவெளிச் சதுப்புப் பக்கமாக லாரி லாரியாகப் புல்லைக் கொண்டுவந்து விரித்து, பந்து அடித்துப் பழக ஒரு மைதானம் போட்டார்கள். விளையாட்டு முழுசாக ஆட இடம் போதாது. ஒரு முனையில் கொட்டகைக்கு முன்னால் நின்று மட்டையால் ஓங்கி அடிக்கலாம், அவ்வளவுதான். நடுவில் ஒரு சிவப்புக் கொடி. மறு முனையில் கம்பிவேலி. வேலிக்கு அந்தப் பக்கம் உப்பளம்.

வம்பு அந்த வேலியில்தான் ஆரம்பித்தது. சென்னையிலிருந்து வருகிற ஆட்களில் சிலர் நன்றாக அடித்துவிடுவார்கள். பந்து வேலியைத் தாண்டி உப்புப் பாத்திக்குள் போய் விழும். வெள்ளை உப்பில் வெள்ளைப் பந்து. அதைத் தேடிக்கொண்டு மைதானத்துப் பையன்கள் பூட்ஸ் காலோடு பாத்தியில் இறங்கிவிட்டார்கள். உப்புப் பாத்தியின் தரை என்பது லேசுப்பட்டதா? களிமண்ணை மிதித்து மிதித்து இறுக்கி வைத்திருப்பது. அதில் ஒரு குதிகால் அழுந்தி உடைந்தால் அடியில் இருக்கும் சேறு மேலே வரும். உப்பு முழுக்க மண்ணாகிவிடும். உப்பள மேஸ்திரி ஞானாம்பாள் ரிசார்ட் கேட்டில் வந்து நின்று போட்ட சத்தத்தில் விருந்தாளிகள் ஜன்னலைச் சாத்திக்கொண்டார்கள்.

ரிசார்ட் மேனேஜர் தட்சணாமூர்த்தி அப்போதுதான் செல்வியைத் தேடிப் பிடித்தார். கடல் அலை ஊருக்குள் வந்துபோன வருஷம் அது. கடலோரப் பாத்தியெல்லாம் மணல் மூடி, அவள் வேலையில்லாமல் வீட்டில் உட்கார்ந்து அம்மாவோடு சண்டை போட்டுக்கொண்டிருந்தாள். உப்புப் பாத்தியில் தரை உடையாமல் நடக்கத் தெரிந்தவள் வேண்டும் என்றார் மேனேஜர். செல்வியைவிட அதற்கு யார்? குதிகாலைப் படவிடாமல், உடம்பின் பாரத்தைக் காலில் இறக்காமல், முன்பாதத்தால் தொட்டுத் தொட்டு நடப்பாள். ஞானாம்பாள் சின்ன வயசிலிருந்து அவள் முதுகுக்குப் பின்னால் நின்று, "அழுத்தாதடி, அழுத்தாதடி" என்று கத்திக் கத்திப் பழக்கிய நடை. பந்து பொறுக்குகிற வேலை இப்படித்தான் அவளுக்கு வந்தது.

வேலை நல்ல வேலைதான். பேர்தான் நன்றாக இல்லை. "பந்து பொறுக்கற பொண்ணு" என்றுதான் எல்லோரும் சொன்னார்கள். செல்வி யாருக்கும் பொறுக்கிப் போட்டுப் பழகியவள் இல்லை. மத்தியானம் விருந்தாளிகள் சாப்பிடப் போகும் நேரத்தில் மைதானத்து வேலையாட்கள் யார் வேண்டுமானாலும் அடித்துப் பார்க்கலாம் என்று ஒரு வழக்கம் இருந்தது. ஒருநாள் அவளும் மட்டையை எடுத்துவிட்டாள். முதல் நாளே பந்து மட்டையில் பட்டுவிட்டது. பையன்கள் பலருக்கு அதுவே ஒரு வாரம் பிடித்தது. நேராகவும் போனது. ஒரு வருஷத்தில் கொட்டகையில் அவளைப்போல நேராக அடிக்க ஆளில்லை என்றானது. தூரம்தான் போகவில்லை.

புதன்கிழமைதோறும் சென்னையிலிருந்து அஸ்வினி மேடம் வருவாள். கோச். செல்வியின் வயசுதான் இருக்கும். தொப்பி, கறுப்புக் கண்ணாடி, தேவைக்கு மேல் ஒரு வார்த்தை பேசமாட்டாள். 2006 பொங்கல் கழிந்த ஒரு புதன்கிழமை அவள் ஆட்களைக் கூப்பிட்டுச் சொன்னாள்:

"எனக்கு ஒரு அசிஸ்டென்ட் வேணும். சென்னையில ட்ரெய்னிங் குடுப்போம். அப்புறம் இங்கயே வந்து கோச்சா இருக்கலாம். லேடீஸ் நிறைய பேர் வர்றாங்க, ஆனா ஆம்பளைங்ககிட்ட கத்துக்கக் கூச்சப்பட்டு காருலயே உக்காந்துடறாங்க. அதனால செல்வி வந்தா நல்லது. ஆனா கூட்டிட்டுப் போறவங்க தூரமா அடிக்கத் தெரிஞ்சவங்களா இருக்கணும். அதுல சலுகை கிடையாது. இன்னும் ரெண்டு வாரத்துல, இதே புதன்கிழமை, செல்வியும் கௌதமும் அடிங்க. ஆளுக்கு மூணு பந்து. யாரோட பந்து தூரமா விழுதோ அவங்க என்கூட வரலாம்."

கௌதம் புல் வெட்டுகிற மெஷின் ஓட்டுகிறவன். நல்ல உயரம். கிரிக்கெட்டில் பந்தைத் தென்னை மரத்துக்கு மேல் அடிக்கிறவன் என்று பேர் வாங்கியவன். அவன் பந்து பல நாளாகவே சிவப்புக் கொடியைத் தாண்டிப் போய்க்கொண்டிருக்கிறது.

செல்விக்கு அந்த வேலை வேண்டும். சும்மா கிடைத்தால் பார்க்கலாம் என்கிற மாதிரி இல்லை. கோச் என்று சட்டையில் பேர் போட்டுக்கொண்டு அந்தக் கொட்டகையில் நிற்க வேண்டும், தான் அடித்த பந்தை வேறு எவனாவது பொறுக்க வேண்டும் என்று வெறியாகவே ஆசைப்பட்டாள். ஆசைப்படுவதில் என்ன தப்பு?

கையை நம்பி இறங்கினாள். வீட்டில் தண்ணீர்க் குடத்தை ஒற்றைக் கையால் தூக்கினாள். மட்டையை ஓங்கி ஓங்கி வீசினாள். தோள் வீங்கியது, பந்து ஒரு முழம்கூடக் கூடுதலாகப் போகவில்லை. பல்லைக் கடித்துக்கொண்டு வீசியதில் மட்டை ஒருநாள் கையை விட்டே பறந்தது. நல்லவேளை, எதிரில் யாரும் இல்லை.

அடுத்த புதன்கிழமை அஸ்வினி கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டு நின்றாள்.

"செல்வி, கையை விடுங்க. அடி கையில இருந்து வர்றது இல்ல. தரையில இருந்து வருது."

"தரையில இருந்தா மேடம்?"

"மட்டையைப் பின்னாடி கொண்டு போறப்ப வலது காலை நல்லா ஊனுங்க. திரும்பி அடிக்க ஆரம்பிக்கறப்ப மொதல்ல இடது காலால தரையை அழுத்தித் தள்ளுங்க. தள்ளுனா இடுப்பு தானா திரும்பும். இடுப்பு தோளை இழுக்கும், தோள் கையை இழுக்கும். கை கடைசியா வந்தா போதும்."

"கால்லதான மேடம் நிக்கறேன். வேற எதுல நிக்கறேன்?"

அஸ்வினி வாதம் பண்ணவில்லை. பையிலிருந்து சின்ன வீடியோ கேமராவை எடுத்து அவள் அடிப்பதைப் படம்பிடித்து, அந்தக் குட்டித் திரையில் போட்டுக் காட்டினாள். செல்வி தன் முகத்தைத்தான் முதலில் பார்த்தாள். அடிக்கும்போது தனக்கு இவ்வளவு கோணல் மூஞ்சியா என்று வருத்தமாக இருந்தது. "காலைப் பாருங்க" என்றாள் அஸ்வினி. பார்த்தாள். மட்டை மேலே போகும்போதே இரண்டு குதிகாலும் தரையைவிட்டு எழும்பிக்கொண்டன. உடம்பு முழுக்க முன்பாதத்தில் மிதந்தது. கை மட்டும் தனியாகச் சுழன்றது.

கூட நின்று எட்டிப் பார்த்த கௌதம் சிரித்துவிட்டான். "செல்வி, நீ பந்து பொறுக்கப் பாத்தியில நடக்கறதே இப்படித்தான்."

எல்லோரும் சிரித்தார்கள். செல்விக்குச் சிரிப்பு வரவில்லை. அவன் சொன்னது உண்மை. எந்த நடைக்காக வேலை கொடுத்தார்களோ அந்த நடையே கழுத்தை அறுக்கிறது. காலை அழுத்து என்று தனக்குத்தானே சொல்லிச் சொல்லி அடித்தாள். வாய் சொன்னதைக் கால் கேட்கவில்லை. அழுத்த வேண்டிய நொடியில் தரை உடைந்துவிடும் என்று கால் தானாகச் சுருக்கென்று எழும்பியது. எத்தனை வருஷத்துக் கால் அது! ஒரு வாரத்தில் மாறிவிடுமா? அன்றைக்கு வீட்டுக்குப் போய், சாப்பிடாமல் படுத்துக்கொண்டாள். கௌதம்தான் போகப் போகிறான் என்று முதல்தடவையாகத் தோன்றியது. அழுகை வந்தது. அழுதாள்.

திங்கட்கிழமை மைதானத்துக்கு விடுமுறை. உப்பள வேலைக்குப் போகிற அந்தோணியம்மாளுக்குக் காலில் ஆணி குத்தி வீங்கியிருந்தது. உப்பளத்தில் அது பாத்தி மிதிக்கிற காலம். மழைத் தண்ணீர் வடிந்த பாத்திகளில் சேற்றை வழித்தெடுத்துவிட்டு, புதுசாகத் தரையை மிதித்து இறுக்குவார்கள். ஆள் குறைந்தால் ஞானாம்பாள் வீட்டு வாசலுக்கே வந்துவிடுவாள்.

"நீ படும்மா, நான் போறேன்" என்றாள் செல்வி. வீட்டில் இருந்து கௌதமை நினைத்துக்கொண்டு கிடப்பதைவிட அது மேல்.

பாத்தி மிதிப்பு செல்விக்குப் பழக்கமில்லாத வேலை. உப்பு வாருவதும் சுமப்பதும்தான் அவள் செய்தது. மிதிப்பதற்கென்று கனத்த ஆட்களாகப் பார்த்து ஞானாம்பாள் வைத்திருப்பாள். வரிசையாக நின்று ஒருவர் தோளை ஒருவர் பிடித்துக்கொண்டு, ஈரக் களிமண்ணில் ஒரே தாளமாக மிதித்து நகர்ந்தார்கள். செல்வியும் நகர்ந்தாள். வரப்பில் நின்ற ஞானாம்பாள் கொஞ்ச நேரம் பொறுத்துப் பார்த்தாள்.

"ஏண்டி செல்வி, இன்னாடி அது, சூடு பட்ட கோழி மாதிரி? மிதிக்க வந்தியா, வேடிக்கை பாக்க வந்தியா?"

"மிதிச்சிட்டுத்தான இருக்கறேன்."

"எங்க மிதிக்கற? தடமே விழல. குதிகாலைப் போட்டு அழுத்தி மிதி."

செல்விக்கு ஆத்திரம் பொங்கிவிட்டது. ஒரு வாரமாக அடைத்துக்கொண்டிருந்தது எல்லாம் சேர்ந்து வந்தது.

"ஆயுசு முழுக்க அழுத்தாத, அழுத்தாதன்னு நீதான உசுர வாங்கன? இப்ப நீயே அழுத்துன்னு சொல்றியே. நான் எதைத்தான் கேக்கறது?"

ஞானாம்பாள் இப்படி ஒரு முட்டாளைப் பார்த்ததில்லை என்பதுபோல வரிசையில் இருந்த மற்றவர்களைப் பார்த்தாள்.

"அழுத்தாதன்னு சொன்னது உப்பு எறங்கன பொறவுடி. இப்ப பச்சைத் தரை. இப்ப மிதிக்கலன்னா அது எங்க இறுவும்? தரைக்குத் தரை கால் வேறடி. வாயை மூடிக்கினு மிதி."

செல்வி மிதித்தாள். கோபத்தில்தான் மிதித்தாள், ஞானாம்பாளை மிதிப்பதாக நினைத்துக்கொண்டு குதிகாலை இறக்கினாள். களிமண் இறங்கிக்கொடுத்து, அப்புறம் நின்றது. நின்ற இடத்திலிருந்து ஒரு உந்தல் திரும்பி வந்தது. கணுக்கால் வழியாக ஏறி, முழங்காலைத் தாண்டி, இடுப்பை லேசாகத் திருப்பிவிட்டது. அவள் திருப்பவில்லை. அதுவாகத் திரும்பியது. அடுத்த காலை இறக்கினாள். இடுப்பு அந்தப் பக்கம் திரும்பியது. முன்னால் போனவளின் தோளைப் பிடித்திருந்த கைகூட இடுப்போடு சேர்ந்து இழுபட்டது.

செல்வி நின்றுவிட்டாள். பின்னால் வந்தவள் அவள்மேல் இடித்துக்கொண்டாள். 'கை கடைசியா வந்தா போதும்' என்று அஸ்வினி சொன்னது அப்போதுதான் அவளுக்கு எட்டியது. வெயில் ஏறும்வரை அழுத்தி அழுத்தி மிதித்தாள். ஞானாம்பாள் போதும் போதும் என்று சொல்ல வேண்டியதாயிற்று.

மறுநாள் மத்தியானம் மைதானத்தில் ரகசியமாக அடித்துப் பார்த்தாள். அழுத்தினாள். பந்து கொடிக்குப் பக்கத்தில் போய் விழுந்தது. ஓடிப்போய் எடுத்துவந்து இன்னொரு தடவை அடித்தாள். இன்னும் கொஞ்சம் தள்ளி விழுந்தது. சும்மா சொல்லக்கூடாது, அன்றைக்கு ராத்திரி இரண்டு தட்டு சோறு சாப்பிட்டாள்.

புதன்கிழமை வந்தது. எப்போதும் நின்று அடிக்கிற ரப்பர் பாயை எடுத்துவிட்டு நேராகப் புல்லிலேயே நின்று அடிக்கச் சொன்னாள் அஸ்வினி. வேலைக்காரர்கள் எல்லோரும் கொட்டகை ஓரமாகக் கூடிவிட்டார்கள். மேனேஜர் தட்சணாமூர்த்தி நாற்காலி போட்டு உட்கார்ந்தார். அவருக்குப் புல்தான் பிள்ளை குட்டி எல்லாம். ஊருக்குள் குடத்துக்கு வரிசை நின்றாலும் புல்லுக்கு வேளை தவறாமல் நல்ல தண்ணீர் லாரி வரும்.

முதலில் கௌதம். முதல் பந்து கொடிக்கு முன்னால் விழுந்தது. இரண்டாவது கோணலாகப் போனது. மூன்றாவது கொடியைத் தாண்டி, வேலிக்குச் சற்று முன்னால் போய் நின்றது. பையன்கள் விசில் அடித்தார்கள். பந்து நின்ற இடத்தில் ஒரு குச்சியை நட்டுவிட்டு வந்தார்கள்.

செல்வி போய் நின்றாள். மட்டையைப் பின்னால் கொண்டுபோனாள், வலது காலை ஊன்றினாள், இடது குதிகாலை இறக்கினாள். காலடியில் ஏதோ பிய்ந்தது. பந்து வலப்பக்கமாகச் சாய்ந்து போனது. கீழே பார்த்தால், குதிகால் இறங்கிய இடத்தில் உள்ளங்கை அகலத்துக்குப் புல் பெயர்ந்து மண் தெரிந்தது.

மட்டையைப் போட்டுவிட்டு உட்கார்ந்துவிட்டாள். அந்தப் புல்லைப் பொறுக்கி எடுத்துப் பள்ளத்தில் வைத்து, கையால் தட்டித் தட்டி மூடினாள். "மன்னிச்சுக்குங்க சார். தரையை ஒடச்சிட்டேன்."

"பாத்தும்மா" என்றார் மேனேஜர். "அது லாரியில வந்த புல்லு."

இரண்டாவது பந்து கேட்பானேன். கால் பழையபடி மேலே எழும்பிக்கொண்டது. பந்து நாலு தடவை குதித்து நின்றது. கூட்டத்தில் யாரோ இருமுகிற மாதிரி சிரித்தார்கள். அஸ்வினி கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டிருந்தாள்.

ஒரே ஒரு பந்து மிச்சம். செல்வி தலையைக் குனிந்துகொண்டு, எங்கே நிற்கலாம் என்று இடம் தேடினாள். அப்போதுதான் அதைப் பார்த்தாள். பக்கத்தில் கௌதம் நின்று அடித்த இடம். அங்கே புல் பெயர்ந்திருந்தது. ஒரு இடம் இல்லை, மூன்று நாலு இடம். ஒரு கட்டி புரண்டு தலைகீழாகக் கிடந்தது. கௌதம் அதைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. மேனேஜரும் பார்க்கவில்லை. யாரும் அவனிடம் 'பாத்து' என்று சொல்லவில்லை. அவனும் யாரிடமும் மன்னிப்புக் கேட்கவில்லை.

செல்விக்கு உச்சந்தலைக்கு ஏறியது. அவன் பேர்த்தால் அது அடி. நான் பேர்த்தால் மட்டும் அது உடைசலா? இந்த ஊரில் தரைக்குக்கூட ஆள் பார்த்து வலிக்குமா? யார் வீட்டுத் தரையோ, யார் வீட்டுப் பாத்தியோ என்று இத்தனை வருஷம் பாரத்தைக் காட்டாமல் நடந்ததை எல்லாம் நினைத்தாள். பயம் போன இடம் தெரியவில்லை.

கௌதம் நின்ற அதே இடத்துக்குப் பக்கத்திலேயே போய், இரண்டு காலையும் அகட்டி, பச்சைக் களிமண்ணில் மிதிக்கிற மாதிரி குதிகாலை இரண்டு தடவை இறக்கிப் பார்த்தாள். மேனேஜர் நாற்காலியில் நெளிந்தார். நெளியட்டும்.

மட்டை பின்னால் போனது. வலது கால் ஊன்றியது. அப்புறம் இடது குதிகாலைப் போட்டு அழுத்தினாள், ஞானாம்பாளே வரப்பில் நின்று போதும் என்று சொல்கிற அளவுக்கு அழுத்தினாள். தரை இறங்கிக்கொடுத்து, நின்று, திருப்பித் தந்தது. இடுப்பு திரும்பியது, தோள் வந்தது, கை கடைசியாக வந்தது. அவள் பெருமைப்பட்டுக்கொண்டிருந்த அந்தக் கை, பந்தில் பட்டதைக்கூட உணரவில்லை.

பந்து கொடிக்கு மேலே போனது. குச்சிக்கு மேலே போனது. வேலிக்கு மேலே போய் உப்பளத்துக்குள் இறங்கியது. விசில் அடிக்கக்கூட ஒருவருக்கும் தோன்றவில்லை.

"வேலிக்கு வெளிய போச்சே" என்று இழுத்தார் மேனேஜர். "அதை எப்படிக் கணக்குல எடுத்துக்கறது? எங்க விழுந்துதுன்னு பாக்கணும் இல்ல?"

"போய்ப் பாக்கச் சொல்லுங்க" என்றாள் அஸ்வினி.

எல்லோரும் வழக்கம்போல செல்வியைப் பார்த்தார்கள். அவள் அசையவில்லை. மட்டையை ஊன்றிக்கொண்டு, பெயர்ந்த புல்லின்மேல் இரண்டு காலும் பதிய நின்றாள். கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு கௌதமே கிளம்பினான். தோற்றவன் முகத்தைத் தொங்கப்போட்டுக்கொண்டு போகாமல், "அடேங்கப்பா, அது பெருமுக்கல் மலையில போய் விழுந்திருக்கும்" என்று சிரித்துக்கொண்டே போனான். அந்த நல்ல குணம் அவனுக்கு உண்டு. வேலியில் குனிந்து நுழைந்து, அந்தப் பக்கம் ஒரு காலை வைத்தான்.

உப்பளத்திலிருந்து ஞானாம்பாளின் குரல் வந்தது. "எவன்டா அவன், பூட்ஸ் காலோட? முந்தாநேத்துதான்டா மிதிச்சி வெச்சோம். தரையை ஒடச்ச, காலை ஒடச்சிடுவேன்."

கௌதம் ஒரு காலைத் தூக்கிக்கொண்டு அப்படியே நின்றுவிட்டான். முன்னால் வைப்பதா, பின்னால் எடுப்பதா என்று தெரியாமல் திரும்பி, தூரத்திலிருந்து செல்வியைப் பார்த்தான்.

"பூட்ஸைக் கழட்டுப்பா" என்று செல்வி அங்கிருந்தே குரல் கொடுத்தாள். "குதிகால் படக்கூடாது. அழுத்தாம போ. வந்து கத்துக்கோ, நான் சொல்லித் தர்றேன்."

அப்புறம் அஸ்வினியின் பக்கம் திரும்பி, எப்போது கிளம்ப வேண்டும் என்று கேட்டாள்.